ஆள் பார்த்துச் சாயும் துணிகள்

வெள்ளியம்பாளையத்தில் கொடியில் காயப்போட்ட பருத்தித் துணிகள் ஆள் பார்த்துச் சாயத் தொடங்கிய அந்த ஆவணி மாதத்தில் ஊரில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. காற்றாலைக்காரர்கள் வந்து சுற்றுவட்டாரத்துக் கரட்டிலெல்லாம் வெள்ளைத் தூண்களை நட்டுவிட்டுப் போனதிலிருந்து காற்றுக்கே புத்தி பேதலித்துவிட்டது, அது இனி எந்தப் பக்கம் வீசும், எதைத் தள்ளும் என்று யாரைப் போய்க் கேட்பது என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

துளசிமணி மட்டும் போகவில்லை. பால்காரர் ஊற்றும் பாலைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போகிறவள் அவள். கோயிலில் கொடுக்கிற திருநீறைக்கூட ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் பூசுவாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. மற்றவர்களுக்குத் தும்மல் வருகிற மாதிரி அவளுக்குச் சந்தேகம் வரும், வந்தால் அடக்க முடியாது, அவ்வளவுதான்.

அவள் முதலில் பார்த்தது எதிர்வீட்டு மாடியை. அங்கே தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் கலாவதி தனியாகக் குடியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அதிகம் பேசாதவள், கைத்தறிச் சேலை தவிர வேறு எதையும் உடுத்தாதவள். வெயில் படாத தகரக் கூரைக்கடியில், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, ஓரங்களைக் கையால் நீவிவிட்டு அவள் சேலை காயப்போடுகிற பக்குவத்தைப் பார்த்தாலே துளசிமணிக்கு எரிச்சலாக வரும். அன்றைக்குக் காலையில் முருங்கை இலைகூட அசையவில்லை. கொடியில் துண்டும் தலையணை உறையும் தேமே என்று தொங்கிக்கொண்டிருக்க, நீலச் சேலை மட்டும் அடிவிளிம்பை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, தெருவை எட்டிப் பார்க்கிற ஆளைப்போல இவர்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. துளசிமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் சாப்பிட்டுக் கைகழுவி, வாசலுக்கு வந்து, சைக்கிளை எடுத்துக் கடைவீதிப் பக்கம் மிதித்தார். சேலை மெல்லத் திரும்பியது. அவர் முக்கில் மறைகிற வரைக்கும் கூடவே திரும்பி, மறைந்த பிறகும் அந்தத் திக்கைப் பார்த்தே நின்றது.

“ஓஹோ, சங்கதி அப்பிடிப் போகுதா?” என்றாள் துளசிமணி. சொன்னது யாரிடமும் இல்லை. கையில் இருந்த பருப்புக் கரண்டியிடம்தான்.

சென்னியப்பனுக்குத் தொழில் துணிக்கு இழை ஓட்டுவது. கடைவீதியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க மட்டுமே இடமிருக்கிற கடை. எலி கடித்த பட்டு, ஆணியில் மாட்டிக் கிழிந்த வேட்டி, சாமி கும்பிடும்போது கற்பூரம் பட்டுப் பொத்தலான சேலை என்று வருகிற எதையும், வெளியில் நூல் வாங்காமல், அதே துணியின் மடிப்போரத்திலிருந்தே ஓர் இழையை உருவி, ஊடும் பாவுமாக ஓட்டி, கிழிந்த இடம் எது என்று கொண்டுவந்தவரே தேடுகிற மாதிரி செய்து கொடுப்பார். பழைய துணிக்குப் புது நூல் ஆகாது, அது பக்கத்து இழையை அறுத்துவிடும் என்பார். பேசுகிற வார்த்தையில் பாதி துணியைப் பற்றித்தான். சேலையை முறுக்கிப் பிழியாதே, பட்டை மாதம் ஒருமுறை மடிப்பு மாற்றி வை, சோப்புத்தூளை விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசு, பீரோவில் வசம்பு போடு என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதும், துளசிமணி கேட்காதமாதிரி இருப்பதும் கல்யாணம் ஆன நாளிலிருந்து நடக்கிறது.

அவளிடமும் நியாயம் இருந்தது. கஞ்சி போடுகிறவள் அவள், நீவிக் காயவைக்கிறவள் அவள், இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். அவளுக்குப் பிடித்தது நைலக்ஸ். நனைத்தோம், உதறினோம், உடுத்தினோம் என்று இருக்கும். பருத்திச் சேலையின் ஓரம் கொஞ்சம் நைந்தாலே போதும், பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற வண்டிக்காரன் வருகிற நாளாகப் பார்த்து வாசலில் தயாராக நிற்பாள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் இருந்த சிவப்பு வாளி, பச்சைக் குடம், மூடி போட்ட அரிசி டப்பா எல்லாம் ஒருகாலத்தில் சேலையாக இருந்தவைதான். இழை ஓட்டுகிறவரின் வீட்டில் இழை ஓட்டிய துணி ஒன்றுகூட இல்லை என்பது ஊரில் சொல்லிச் சிரிக்கிற விஷயம், அவர்கள் இருவருக்கும் அதில் வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை.

துணிகள் எதற்காகச் சாய்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பாவாயி. பட்டாளத்தில் இருக்கிற மகன் லீவில் வந்து விட்டுப்போன சட்டையின் கக்கத்துக் கிழிசலை அவள்தான் தைத்திருந்தாள். அந்தச் சட்டை கொடியில் கிடந்துகொண்டு, அவள் மாட்டுக்குத் தீனி வைக்கப் போனால் அந்தப் பக்கமும், விறகு எடுக்கப் போனால் இந்தப் பக்கமுமாகக் கன்றுக்குட்டியைப்போல அவளையே பார்த்துத் திரும்பியது. பாவாயி உட்கார்ந்து யோசித்தாள். சாய்ந்த துணி எல்லாம் யாரோ தைத்தது. ஆனால் தையல்கடையில் தைத்தது எதுவும் சாயவில்லை. சென்னியப்பன் கடையில் இழை ஓட்டி வந்த துணி ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கிறது, அதுவும் சாயவில்லை. “கூலிக்குத் தெச்சது தொங்குது, மனசு வெச்சுத் தெச்சது தெச்சவிய பக்கம் சாயுது. அவ்வளவுதான் கணக்கு” என்று அவள் பொதுக்குழாயடியில் வைத்துச் சொன்னாள். குடங்கள் நிறைந்து வழிந்தும் யாரும் குழாயை மூடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் பழையபடி இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் கொல்லைப்புறத்துக் கொடியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் வேட்டி அம்மா பக்கம் சாய்ந்தால் ஒரு பேச்சு, அத்தை மகள் வீட்டுப் பக்கம் சாய்ந்தால் வேறு பேச்சு, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால் பாவம் அநாதை மாதிரி வளர்ந்திருக்கிறான் என்று இன்னொரு பேச்சு. கவுன்சிலரின் கதர்ச்சட்டை கார் ஓட்டுகிறவர் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அங்கே ஊசி பிடிக்கிற கை கார் ஓட்டுகிறவருடையதா, அவர் பெண்டாட்டியுடையதா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. கவுன்சிலர் மறுநாளே பாலியஸ்டருக்கு மாறினார். பாலியஸ்டர் யார் தைத்தாலும் சாயாது என்பது அதற்குள் தெரிந்துவிட்டதால், பாலியஸ்டர் போடுகிறவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்றும் ஆகிவிட்டது. வீட்டுக்குள் துணி காயப்போடுகிறவர்களைப் பற்றி அதைவிட மோசமாகப் பேசினார்கள். அம்மன் கோயிலில் உற்சவச் சேலை பூசாரியை விட்டுவிட்டு, வாசலில் பூக்கட்டுகிற கிழவர் பக்கம் குனிந்து நின்றபோது, ஓரத்தை மடித்துத் தைத்தது தான்தான் என்று கிழவர் ஒத்துக்கொண்டார். பூசாரி அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஃபேன்ஸி ஸ்டோரில் ஊசியும் நூலும் காலியாயின. பொத்தான் தைக்கத் தெரியாத ஆண்களெல்லாம் பெண்டாட்டியின் ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு விரலைக் குத்திக்கொண்டார்கள். பல வீடுகளில் அது பலித்தது, சில வீடுகளில் பலிக்கவில்லை. பலிக்காத வீடுகளில் தந்திரம் நுழைந்தது. ரேஷன் கடையில் எடை போடுகிற நாச்சிமுத்துவின் சட்டை திடீரென்று பெண்டாட்டி பக்கம் சாயவும், பாவாயி போய் அடிவிளிம்பை விரலால் தடவி, அதில் கட்டியிருந்த தூண்டில் நைலான் நரம்பைக் கண்டுபிடித்து இழுத்துக் காட்டினாள். சட்டை தொப்பென்று நேரானது, நாச்சிமுத்துவின் பெண்டாட்டி கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து பாவாயியின் விரலுக்குத் தனி மரியாதை வந்தது. எங்கே எது சாய்ந்தாலும் அவளைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கலாவதியின் நீலச் சேலை தினமும் சென்னியப்பன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் இருந்தால் வீட்டுப் பக்கம், கடையில் இருந்தால் கடைவீதிப் பக்கம். நீலத்தோடு அரக்கும் சேர்ந்துகொண்டது, பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று. ஊர்ச் சேலைக்கெல்லாம் இழை ஓட்டிய கைக்கு, அந்த ஒருத்தி சேலையில் மட்டும் என்ன வந்தது என்று கேட்கத் தெருவுக்கு வாய் இருந்தது. துளசிமணிக்குக் காதும் இருந்தது.

அவள் ஒரு நாள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, அவர் ரசத்துக்குக் கையை நீட்டும்போது கேட்டாள்.

“ஏனுங்க, அந்தப் போஸ்டாபீஸ்காரி சேலைல என்னத்தப் போட்டுத் தெச்சீங்க?”

“நூலப் போட்டுத்தான்.”

“ஊர்ல மத்தவிய சேலையெல்லாம் நூலில்லாம தெச்சீங்களாக்கு?”

சென்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அந்தச் சேலைய அந்தம்மா பாத்துக்கற விதம் அப்பிடி, துளசி. பக்குவமாத் தொவைச்சு, பக்குவமா மடிச்சு, கிழிசல் சின்னதா இருக்கறப்பவே கொண்டாந்து குடுப்பாங்க. அப்பிடிப்பட்ட துணி கைக்கு வந்தா, அது இன்னும் பத்துக் காலம் இருக்கோணும்னு ஒரு நெனப்பு வந்துருது. நானா வரச் சொல்றேன்?”

“நெனப்பு துணி மேலயா, துணிக்குள்ள இருக்கறவ மேலயா?”

“எனக்குச் சேலையத் தெரியும். அந்தம்மா முகத்த ரோட்டுல பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது.”

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு பதிலை உண்மை பேசுகிறவனும் சொல்வான், பொய் பேசுகிறவனும் சொல்வான் என்று துளசிமணிக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அவள் என்ன செய்வாள்? ரசத்தை ஊற்றினாள். மறுநாள் அவர் கடைக்குப் போனதும் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாடிப்படி ஏறினாள்.

கலாவதி கதவைத் திறந்தாள். முகத்தில் பயம் இருந்ததே தவிரக் கள்ளத்தனம் இல்லை. துளசிமணி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு பீரோ, சாமி படம், ஜன்னலோரம் ஒரு துளசிச் செடி. பீரோவின் கதவு டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

“எலியா?” என்றாள் துளசிமணி.

“இல்லீங்க்கா, சேலைங்க. வெளிய போட வேண்டாம்னு உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். உங்க ஊட்டுக்காரரு கடைக்குக் கெளம்பறப்பவும் திரும்பி வர்றப்பவும் இப்பிடித்தான் கதவத் தள்ளும்.” கலாவதி பீரோக் கதவைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஆபீஸ்ல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. நான் அவருகிட்டப் பேசுனதே ரெண்டு வார்த்தை இருக்காதுங்க்கா. சேலையக் குடுப்பேன், அவரு சேலையப் பாத்து, சரிம்பாரு. நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. வேணும்னா எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. வண்டிக்காரனுக்குப் போட்டுருங்க.”

துளசிமணி பீரோவைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் வசம்பு வாசனை வந்தது. சேலைகள் தட்டிலிருந்து கடைவீதித் திக்கில் சரிந்து கிடந்தன. அவள் நீலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அவர் இழை ஓட்டிய இடத்தைத் தேடினாள். கண்ணுக்கு அகப்படவில்லை. விரலுக்கும் அகப்படவில்லை. வண்டிக்காரனுக்குப் போட்டால் ஒரு வாளி கிடைக்கும் என்று கணக்குப் போட்ட மனசு, அந்தத் துணி கையில் கிடக்கிற மென்மையில் கொஞ்சம் தடுமாறிப்போனது. தடுமாறியதற்காகவே அவளுக்குக் கோபம் வந்தது. தன்னிடம் இத்தனை வருசத்தில் எந்தச் சேலையும் இப்படி மென்மையாகிற அளவுக்கு உயிரோடு இருந்ததில்லை. சேலையை மடித்து உள்ளே வைத்தாள்.

“நீ பூட்டி வெக்காத. வெளியவே போடு,” என்றாள். “பூட்டி வெச்சாத்தான் ஊரு இன்னும் பேசும்.”

படியிறங்கும்போது அழுகை வந்தது. கலாவதி மேல் சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனால் அதனால் ஒன்றும் லேசாகவில்லை. முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் துணியிலேயே இத்தனை மனசை வைக்கிற மனுசன், தன் பக்கம் ஓர் இழையாவது வைத்திருக்கிறாரா இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளிடம் நைலக்ஸ் தவிர இருந்த ஒரே பருத்திச் சேலை, தலைப்பொங்கலுக்கு அவர் எடுத்துக் கொடுத்த மாம்பழ மஞ்சள். உடுத்தினால் கஞ்சி போட வேண்டுமே என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள். அதை எடுத்தாள். முந்தானைக்குப் பக்கத்தில் பல்லால் கடித்து, டர்ரென்று கிழித்தாள். சாயங்காலம் அவர் வந்ததும் மடியில் போட்டாள்.

சென்னியப்பன் கிழிசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது கிழிஞ்சதில்ல. கிழிச்சது.”

“ஆமா, கிழிச்சதுதான். தெச்சுக் குடுங்க. நாளைக்கு நானே மொட்டை மாடில போடறேன். உங்க பக்கம் சாஞ்சா இந்த ஊட்ல இருக்கறேன். சாயலைன்னா காங்கயத்துக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன், சொல்லிப்போட்டேன்.”

“துளசி, இதென்ன போட்டி?”

“போட்டியில்ல. எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

அவர் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டார். மடிப்போரத்தில் இழையை உருவினார், நுனியை நாக்கில் தொட்டு முறுக்கினார், ஊசியில் கோத்தார். துளசிமணி நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, போலீஸ்காரர் மாதிரி அவர் கையையே பார்த்தாள். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா, உதடு அசைகிறதா, கண் எதிர்வீட்டுப் பக்கம் போகிறதா என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவர் விரல் இறுகியது. அவருடைய தொழிலில் முதல்முறையாக ஊசி விரலில் குத்தியது. இருந்தாலும் வேலையில் ஒரு குறை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேலை முழுசாகிவிட்டது, கிழித்தவளுக்கே கிழித்த இடம் தெரியவில்லை.

விடிந்ததும் துளசிமணி சேலையை நனைத்து, முறுக்காமல் தண்ணீரை வடியவிட்டு, நீவி மாடிக் கொடியில் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துணியை அவர் சொன்ன பக்குவத்தில் காயப்போட்டாள். பாவாயி தன் மாடியிலிருந்து பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் நீலச் சேலை வழக்கப்படி சாய்ந்து, அவர் கடைக்குப் போனபோது வழக்கப்படி திரும்பியது. மாம்பழ மஞ்சள் அசையவில்லை.

“ஈரம் காயட்டும் புள்ள. ஈரத்துல எப்பிடிச் சாயும்?” என்றாள் பாவாயி.

ஈரம் காய்ந்தது. வெயில் ஏறியது. சேலை சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட மாதிரி நேராகத் தொங்கியது. தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அந்த மரியாதைதான் துளசிமணியால் தாங்க முடியாததாக இருந்தது.

“கேட்டு வாங்குனா அப்பிடித்தான் புள்ள,” என்றாள் பாவாயி, இந்த முறை குரலைத் தாழ்த்தி. “கட்டாயத்துக்குத் தெச்சா, அதுவும் கூலிதான?”

துளசிமணி கீழே இறங்கிப் போய்ப் பையை எடுத்தாள். நைலக்ஸ் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. சென்னியப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், தெருவில் நின்று மாடியைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்து பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. மாட்டுக்குத் தீனி வைக்கப் பாவாயியும் கீழே இறங்கியிருந்த நேரம் அது. வெகுநேரம் மேலே எந்தச் சத்தமும் இல்லை. பிறகு இறங்கி வந்து, சாப்பாடு கேட்காமல், மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் வாசல் வேம்படியில் போட்டு உட்கார்ந்தார்.

“துளசி! ஏ துளசி! மேல வந்து பாரு!” பாவாயி கூவினாள்.

அவள் ஏறிப் போய்ப் பார்த்தபோது மாம்பழ மஞ்சள் சாய்ந்திருந்தது. அடிவிளிம்பு முழுக்க ஒரே சீராக முன்னுக்கு வந்து, கைப்பிடிச் சுவரை நோக்கி, வேம்படியில் உட்கார்ந்திருக்கிற மனுசன் தலைக்கு நேராக நீண்டு நின்றது. துளசிமணி சேலையை நோக்கி ஓர் எட்டு வைத்தாள். அடுத்த கணமே தும்மல் வருகிற மாதிரி சந்தேகமும் வந்தது. காலையெல்லாம் தொங்கினது இப்போது எப்படிச் சாய்ந்தது? மேலே போய் அத்தனை நேரம் என்ன செய்தார்?

பாவாயி இந்த மாடிக்கே வந்துவிட்டாள். நாச்சிமுத்து வீட்டு நைலானைக் கண்டுபிடித்த விரலால் விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். கைப்பிடிச் சுவரைத் தடவினாள். சேலைக்கும் சுவருக்கும் நடுவில் வெறும் காற்றைக்கூடத் தடவிப் பார்த்தாள். “நூலு இல்ல புள்ள,” என்றாள். தெருவில் கூடத் தொடங்கியிருந்தவர்கள் அதைக் கேட்டு ஆரவாரம் செய்தார்கள். பாவாயி உடனே துளசிமணியின் காதுக்கு வந்தாள். “ஆனா ஒண்ணு. உன்ர ஊட்டுக்காரரு ஓட்டுன நூல இந்த ஊர்ல எவ கண்ணுல பாத்தா? அவரு கட்டுனா என்ர வெரலுக்கு எங்க தெரியப்போகுது. நீ ஒரு காரியம் பண்ணு. அவர எந்திரிச்சு அக்கட்ட வரச் சொல்லு. கட்டுனதுன்னா அங்கயே நிக்கும். நெசம்னா அவரு கூடவே திரும்பும். கூப்புடு.”

அதைவிடச் சுலபமான சோதனை உண்டா? கலாவதியின் நீலச் சேலை அப்படித்தான் தினமும் திரும்புகிறது. ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், எல்லாம் தெரிந்துபோகும். துளசிமணி கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்தாள்.

சென்னியப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேம்பின் நிழல் அவரை விட்டுத் தள்ளிப் போய்விட்டது, வெயில் நேராக அவர் வழுக்கைத் தலையில் அடித்தது. நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் நிழல் கிடைக்கும், அவர் நகர்த்தவில்லை. கடையில் ஆட்கள் காத்திருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள், கையாலேயே போகச் சொன்னார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும், குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்துவிட்டுக்கொண்டார், அப்போதும் எழவில்லை. மத்தியானம் சாப்பிடாதவர். மடியில் துணி இல்லாமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்து துளசிமணி பார்த்ததே கிடையாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தார். பயந்த முகம் அது. பொய் வெளியாகிவிடும் என்று பயமா, அவள் போய்விடுவாள் என்று பயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாவாயி அவள் முழங்கையை இடித்தாள்.

“ஏனுங்க,” என்று துளசிமணி மேலிருந்து கூப்பிட்டாள்.

சென்னியப்பன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். “என்ன துளசி?”

“அங்கயே உக்காந்திருங்க. எந்திரிக்க வேண்டாம்,” என்றாள் அவள். “சோத்த அங்கயே கொண்டாரேன்.”